சித்திரை வெயிலுக்கு முன் கூரையைக் கவனியுங்கள்

ஏப்ரல் முதல் இரண்டு வாரங்களில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வரும். கொழும்புக்கு ஏறக்குறைய 7ஆம் திகதி. அந்த நாட்களில் நண்பகல் வெயில் முழுவதும் கூரையில்தான் இறங்கும். வெள்ளவத்தையில் கடல் பக்கச் சுவருக்கு மாலை வெயில் படும்தான். அதற்கு ஒரு தட்டியோ திரையோ போதும். வெப்பத்தைத் தடுக்கும் நுரைப் பலகைக்குக் காசு செலவழிப்பதென்றால் கூரைக்கே செலவழியுங்கள். மார்ச்சுக்குள் வேலை முடியவேண்டும். புதுவருடத்துக்கு ஊருக்குப் போகிற மேசன்மார் சொன்ன நாளில் திரும்புவதில்லை, மே கடைசியில் தென்மேல் பருவமழையும் தொடங்கிவிடும்.

மொட்டை மாடி வீடென்றால் எக்ஸ்.பி.எஸ். எனப்படும் நுரைப் பலகையை வாங்குங்கள். விற்பவர்கள் நீட்டும் அட்டவணையில் பி.ஐ.ஆர். எனப்படும் இன்னொரு வகை நுரைப் பலகைதான் முதலிடத்தில் நிற்கும். ஒரே தடிப்பில், வெள்ளை மணி நுரையான ரெஜிபோமைவிட ஒன்றரை மடங்கு வெப்பத்தைத் தடுக்கும் என்பதும் உண்மை. ஆனால் அது காய்ந்த பலகையின் கணக்கு. மேலுறை கிழிந்து ஈரம் ஏறினால் அந்த அனுகூலம் கரைந்துபோகும். ரெஜிபோமில் மணிகளுக்கிடையே தண்ணீர் புகுந்து தங்கும். எக்ஸ்.பி.எஸ்.ஸின் மூடிய கண்ணறைகளில் தண்ணீர் ஏறுவது மிகக் குறைவு. 25 மில்லிமீற்றர் பலகை, ஒரு மீற்றருக்கும் கூடிய தடிப்புள்ள கொங்கிறீற்றுக்குச் சமமாக வெப்பத்தை மறிக்கும். இந்த ஊரில் முதலில் தண்ணீரைப் பாருங்கள், பிறகு அட்டவணையைப் பார்க்கலாம்.

பலகையை மேலே போடுங்கள். கீழே சீலிங்கில் ஒட்டினால் கொங்கிறீற் பகலெல்லாம் காய்ந்து விரிந்து வெடிக்கும். முதலில் தண்ணீர் போகும் துவாரத்தை அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீரை ஒரு நாள் தேக்கி, கீழே ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். கசிவை அடைத்து நீர்த்தடுப்புப் பூசிய பிறகே பலகை. அதன்மேல் கம்பிவலை வைத்து மெல்லிய கொங்கிறீற். துவாரத்தை நோக்கிச் சரிவு இருக்கவேண்டும். தேங்கும் தண்ணீரில் டெங்கு நுளம்புதான் பெருகும்.

கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய வீடுகளின் அஸ்பெஸ்டஸ் கூரைக்கு இப்படி மேலே பலகை போடுவது சரிவராது. சீற்றைத் துளைக்கவோ அறுக்கவோ சுரண்டவோ வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. கீழே மரச்சட்டம் அடித்துத் தனிச் சீலிங் போட்டால், மழை படாத அந்த இடத்துக்கு ரெஜிபோமே போதும். ஆனால் தீத்தடுப்பி கலந்த வகையாகக் கேளுங்கள், அதையும் வெறுமனே விடாமல் ஜிப்சம் பலகையால் மூடுங்கள். சாதாரண ரெஜிபோம் எரியும்போது உருகிச் சொட்டும். லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017இல் 72 பேர் இறந்த தீயில் எரிந்தவற்றுள் பி.ஐ.ஆர். பலகையும் ஒன்று, விலை கூடியது என்பதற்காக அதையும் நம்பித் திறந்து வைக்கக்கூடாது.

மின்சார வயர் ரெஜிபோமில் முட்டாமல் குழாய்க்குள் போகட்டும். முட்டினால் நாளடைவில் வயரின் மேலுறை இறுகி வெடிக்கும். தின்னர் கலந்த பசை பலகையைக் கரைத்துக் குழியாக்கிவிடும், சீமெந்துப் பசையே நல்லது.

வாங்கும்போது தராசில் வையுங்கள். ஒரு மீற்றர் சதுரம், 50 மில்லிமீற்றர் தடிப்புள்ள நல்ல ரெஜிபோம் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். அரைக் கிலோ என்றால் அது பொதி கட்டுகிற சாமான். விளிம்பை ஒடித்தாலும் மணி மணியாக உதிரும்.

கையில் காசு இல்லையென்றால் இந்த வருடம் மாடிக்கு வெள்ளைப் பூச்சு மட்டும் பூசுங்கள், அதுவே சூட்டைக் கணிசமாகக் குறைக்கும். தொடர்மாடியில் மேல்தளத்தில் இருப்பவர்கள் முகாமைத்துவச் சபையிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே மேசனுக்கு முற்பணம் கொடுங்கள். மொட்டை மாடி பெரும்பாலும் எல்லோருக்கும் பொதுவானது.