இணையச் சரக்கும் விற்பனை வரியும்

லூமுட் வணிகச் சகோதரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: இணையத்தில் வாங்கும் சாமான்களுக்கு விதிக்கப்படும் 10 சதவீத வரி நம்மையும் சாருமா?

இவ்வரி 2024 ஜனவரி 1ந் தேதி நடப்புக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து இணைய வழியே விற்கப்பட்டு இங்கு வந்து சேரும், 500 வெள்ளிக்கு மேற்படாத சரக்குகளுக்கே இது உரியது. 12 மாதத்தில் 5 லட்சம் வெள்ளிக்கு மேல் இத்தகைய சரக்கு விற்பவரே சுங்க இலாகாவில் பதிந்துகொண்டு வசூலிக்க வேண்டியவர். பெரிய இணையச் சந்தைகளும் இதில் அடங்கும்.

ஆகவே, படகுத்துறையருகே கருவாடும் சிப்பிப் பொருளும் வைத்திருப்பவர் தம் கையிருப்பை இணையத்தில் விற்றால் இவ்வரி இல்லை. சரக்கு ஏற்கெனவே நாட்டினுள் இருக்கிறதல்லவா? பதிவு பெறாதவர் வரி என்று பில்லில் எழுதிக் காசு வாங்கவும் கூடாது.

சிரமமெல்லாம் வீட்டிலிருந்தபடி சில்லறையாக விற்கும் நம் பெண்மணிகளுக்குத்தான். சீனாவிலிருந்து 40 துடோங் 300 வெள்ளிக்கு வரவழைத்தால் வரி 30 வெள்ளி. அதாவது ஒன்றுக்கு 75 காசு. 2015 முதல் 2018 வரையிருந்த ஜி.எஸ்.டி.யில், பதிவு பெற்ற வியாபாரி கொள்முதலில் கட்டிய வரியைத் திரும்பப் பெற வழியிருந்தது. இதில் அவ்வழி கிடையாது, கட்டியது கட்டியதுதான். ஏழரை வெள்ளி என்று எண்ணிய துடோங்கின் அடக்கவிலை எட்டேகால் வெள்ளி. லாபத்தை அதற்கு மேல்தான் பார்க்க வேண்டும். பார்சல் கூலிக்கு இவ்வரி இல்லை. பில்லில் அது தனியே காட்டப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள்.