லேப்டாப் கேமரா வேலை செய்யவில்லையா? கடைக்குப் போகும் முன் 13 குறிப்புகள்

மலேசியாவில் 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதிலிருந்து லேப்டாப் கேமராவும் வீட்டுக்கு அவசியமான சாமான்களில் ஒன்றாகிவிட்டது. பிள்ளைகளின் இயங்கலை வகுப்பு, வேலைக்கான நேர்காணல், சிங்கப்பூரில் இருக்கும் மகனின் முகத்தைப் பாட்டி பார்ப்பது எல்லாம் அதை நம்பித்தான் நடக்கின்றன. பீடோர் வட்டாரத் தோட்டங்களிலும் தாமான்களிலும் ஒரே லேப்டாப்பை வீடே பகிர்ந்துகொள்வது உண்டு. அது ஒரு வாரம் கடையில் கிடந்தால் பிள்ளையின் பாடம்தான் நிற்கும். கேமரா படம் கறுத்துவிட்டாலே கேமரா கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பல நேரம் அது எங்கோ அடைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். கீழே உள்ள வரிசையிலேயே பாருங்கள். காசு செலவில்லாத வழிகள் முதலில் வருகின்றன, திருப்புளி கடைசியில்தான்.

1. மூடியைத் தள்ளிப் பாருங்கள். பல மாடல்களில் திரையின் மேல் விளிம்பில், லென்ஸுக்கு முன்னால், நகத்தால் தள்ளும் அளவுக்குச் சின்ன மூடி ஒன்று இருக்கும். மூடியிருந்தால் லென்ஸ் இருக்கும் இடத்தில் சிலவற்றில் சிவப்போ ஆரஞ்சோ ஒரு புள்ளி தெரியும். சில மாடல்களில் இதற்கான சுவிட்ச் லேப்டாப்பின் பக்கவாட்டில் இருக்கும். துடைக்கும்போது கை பட்டே இது மூடிக்கொள்ளும்.

2. கேமரா விசையைத் தேடுங்கள். விசைப்பலகையின் மேல் வரிசையில் கேமரா படமும் அதன் குறுக்கே கோடும் போட்ட விசை இருக்கிறதா பாருங்கள். அதைத் தனியாக ஒருமுறையும் எஃப்என் விசையோடு சேர்த்து ஒருமுறையும் அழுத்துங்கள். சின்னப் பிள்ளைகள் தட்டி விளையாடும் வீட்டில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

3. விண்டோஸின் ‘கேமரா’ செயலியில் சோதியுங்கள். ஸ்டார்ட் மெனுவில் கேமரா என்று தேடித் திறங்கள். அங்கே முகம் தெரிந்தால் கேமரா நலமாக இருக்கிறது, கோளாறு ஸூமிலோ கூகுள் மீட்டிலோ இருக்கிறது. அந்தச் செயலியின் வீடியோ அமைப்பில் சரியான கேமரா தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். குரோமில் என்றால் முகவரிப் பட்டையின் இடப்பக்கக் குறியைத் தட்டிக் கேமராவுக்கு அனுமதி கொடுங்கள்.

4. வேறு செயலி பிடித்து வைத்திருக்கிறதா? ஒரு செயலி கேமராவைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் அது கிடைக்காது. 4243 என்று முடியும் பிழை எண் வந்தால் காரணம் இதுதான். வகுப்பு முடிந்தும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் டீம்ஸ், மறந்துபோன பிரௌசர் பக்கம் எல்லாவற்றையும் மூடுங்கள்.

5. ‘ஷட் டவுன்’ போதாது, ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். சீக்கிரம் திறப்பதற்காக, விண்டோஸ் பல கணினிகளில் ஷட் டவுன் செய்யும்போது தன் நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. அதனால் பழைய கோளாறும் மறுநாள் அப்படியே திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

6. அனுமதிச் சுவிட்சுகளைத் திறந்து விடுங்கள். செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய்க் கேமராவைத் திறங்கள். மேலே இருக்கும் பொதுச் சுவிட்சை மட்டும் போட்டுவிட்டுப் பலர் திரும்பிவிடுகிறார்கள். கீழே டெஸ்க்டாப் செயலிகளுக்கென்று தனிச் சுவிட்ச் ஒன்று இருக்கிறது, அதையும் போடுங்கள். வைரஸ் தடுப்புச் செயலி இருந்தால் அதிலும் ‘வெப்கேம் பாதுகாப்பு’ தடுக்கிறதா என்று பாருங்கள். பள்ளி கொடுத்த லேப்டாப்பில் இந்தச் சுவிட்சுகள் பூட்டியிருக்கலாம். அப்படியானால் ஆசிரியரிடம் சொல்லுங்கள், நீங்களாக எதையும் கழற்ற வேண்டாம்.

7. டிவைஸ் மேனேஜரில் பாருங்கள். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்தால் இது கிடைக்கும். கேமராவின் மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் அது முடக்கப்பட்டிருக்கிறது, ‘எனேபிள்’ கொடுங்கள். மஞ்சள் முக்கோணம் இருந்தால் பெரும்பாலும் டிரைவரில், அதாவது கேமராவை இயக்கும் மென்பொருளில், கோளாறு. ‘அன்இன்ஸ்டால்’ செய்து ரீஸ்டார்ட் கொடுத்தால் பெரும்பாலும் விண்டோஸே மறுபடி போட்டுக்கொள்ளும். புதுப்பிப்பு வந்த பிறகு கெட்டது என்றால் ‘ரோல் பேக்’ செய்யுங்கள். தனி டிரைவர் தேவைப்பட்டால், அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைப் பார்த்துத் தயாரிப்பாளரின் தளத்தில் மட்டும் எடுங்கள்.

8. டிவைஸ் மேனேஜர் பட்டியலிலேயே கேமரா இல்லையா? 4244 என்று முடியும் பிழை எண், கேமராவே தென்படவில்லை என்று சொல்கிறது. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி போடுங்கள். பிறகு பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரையில், உட்கேமரா முடக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். கணினி தொடங்கும்போது ஏசர், ஆசுஸ், டெல்லில் பெரும்பாலும் எஃப்2 விசையையும், எச்பியில் எஃப்10-ஐயும் அழுத்தினால் பயாஸ் திறக்கும்.

9. கீல் சோதனை செய்யுங்கள். கேமரா ஒரு மெல்லிய பட்டையாகத் திரையின் மேலே இருக்கிறது. அதன் கேபிள் கீல் வழியாக இறங்கி மதர்போர்டுக்குப் போகிறது. கேமரா செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு திரையை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். ஒரு சாய்வில் படம் வந்து இன்னொரு சாய்வில் அறுந்தால் கோளாறு கேபிளில்தான். பல மாடல்களில் மைக்கும் அதே பட்டையில் இருப்பதால், குரலும் சேர்ந்து போனால் சந்தேகம் உறுதியாகும். இந்த வேலையைக் கைப்பழக்கம் உள்ளவரிடம் விடுங்கள். திரையைச் சுற்றியுள்ள சட்டத்தைக் கொக்கிகளும் பசையும் பிடித்திருக்கும். நெம்பினால் கேமராவோடு திரையும் போகும்.

10. படம் மங்கலா, கோடு ஓடுகிறதா? ஊதுபத்திப் புகை, சமையல் எண்ணெய், விரல் பிசுக்கு எல்லாம் லென்ஸில் படியும். கண்ணாடி துடைக்கும் மென்துணியில் இரண்டு சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டுத் துடையுங்கள். நேராக லென்ஸில் தெளிக்கக் கூடாது. குளிர்சாதன அறையிலிருந்து வெளியே கொண்டுவந்ததும் லென்ஸ் பனித்தால் அரை மணி நேரம் விடுங்கள், தானாகத் தெளியும். டியூப்லைட் வெளிச்சத்தில் கோடுகள் ஓடினால் கேமரா அமைப்பில் ‘ஃபிளிக்கர்’ என்பதை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

11. நாளைக்கே நேர்காணலா? பழுதுக்குக் காத்திருக்க வேண்டாம், கைப்பேசியிலேயே ஸூம் போட்டுக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு 14 முதல் சில கைப்பேசிகளை யூஎஸ்பி கேபிளில் செருகி, கைப்பேசியின் யூஎஸ்பி அமைப்பில் ‘வெப்கேம்’ என்று தேர்ந்தெடுத்தால் அவை வெப்கேமாக வேலை செய்யும். உட்கேமராவைப் பழுதுபார்க்கும் கூலியோடு ஒப்பிட்டால், தனி யூஎஸ்பி வெப்கேம் வாங்குவது பல நேரம் மலிவாகவே முடியும்.

12. கடைக்குக் கொடுக்கும்போது கவனம். உத்தரவாதம் இருந்தால் அதிகாரபூர்வச் சேவை மையத்துக்கே போங்கள். இல்லையென்றால் பீடோர் பட்டணத்திலோ ஈப்போ யிக் ஃபூங் காம்ப்ளெக்ஸிலோ இரண்டு கடையில் விலை கேளுங்கள். “கேமராவா, கேபிளா?” என்று கேட்டு, தொகையை எழுதி வாங்குங்கள். புகைப்படங்களை முன்பே வேறு இடத்தில் சேமித்து வையுங்கள். உங்கள் கடவுச்சொல்லைத் தராமல், சோதிப்பதற்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுங்கள். ரசீதையும் கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே 50,000 ரிங்கிட் வரை கோரலாம்.

13. இனிமேல் கெடாமலிருக்க: லேப்டாப்பை ஒரு மூலையைப் பிடித்து இழுக்காமல், நடுவில் பிடித்துத் திறங்கள். கீலும் கேபிளும் நீண்ட நாள் உழைக்கும். லென்ஸின் மேல் தடித்த மூடி ஒட்டி லேப்டாப்பை மூடாதீர்கள், திரை விரிசல் விடலாம். மேக்புக்குக்கு 0.1 மில்லிமீட்டருக்கு மேல் தடிப்பு கூடாது என்று ஆப்பிள் சொல்கிறது, அதாவது ஒரு காகிதத் தடிப்பு. வகுப்போ நேர்காணலோ இருந்தால் முந்தைய இரவே கேமரா செயலியைத் திறந்து பார்த்துவிடுங்கள். கோளாறு இருந்தால் சரிசெய்ய அந்த இரவாவது கையில் இருக்கும்.