சித்தன்னவாசல் அணுவும் மான்செஸ்டர் அணுவும்

புதுக்கோட்டைச் சித்தன்னவாசலில், சமணர் குடைந்த அறிவர் கோயில் விதானத்துத் தாமரைக் குளத்தைக் கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். பேரனோடு வந்திருந்த பெரியவர் ஒருவர் கடலைப் பொட்டலத்தை நீட்டியபடி, "இங்க இருந்த முனிவருங்க அணுவுக்குள்ள என்ன இருக்குன்னு அப்பவே கண்டுபிடிச்சிட்டாங்க தம்பி. வெள்ளைக்காரன் நம்மகிட்ட எடுத்ததுதான்" என்றார். பேரன் என் முகத்தைப் பார்த்தான். பள்ளியில் அப்போதுதான் அணு அமைப்புப் பாடம் முடிந்திருந்ததாம்.

நம்பிக்கை: சமணருக்கு அணுவின் உள்ளமைப்பு தெரியும்.

உண்மை: அணுவைப் பற்றிச் சமணர் ஆழமாக யோசித்தது நிஜம். பரமாணு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு மணம், ஒரு சுவை, இரண்டு ஊறு, அதாவது தொடுவுணர்வு, என்றார்கள். பசையும் வறட்சியும் எந்த அளவில் இருந்தால் அணுக்கள் ஒட்டும் என்பதற்கும் கணக்கு வைத்திருந்தார்கள். ஆனால் பரமாணுவுக்குப் பகுதியே கிடையாது என்பதுதான் அவர்கள் சொன்ன இலக்கணம். பகுதியே இல்லாததற்கு உள்ளமைப்பு ஏது? மணிமேகலையில் ஆசீவகர் விவரிக்கும் அணுவும் பிளக்காது; ஒன்றுக்குள் ஒன்று புகாது. எலக்ட்ரானைக் கொண்டுபோய் நீட்டியிருந்தால் இந்தக் குகைச் சமணர்கள்தான் முதலில் வாதுக்கு வந்திருப்பார்கள்.

குறளின் சுருக்கத்தை 'அணுவைத் துளைத்து' என்று புகழ்ந்து ஔவை பெயரில் வழங்கும் பாட்டையும் இதற்குச் சாட்சியாக இழுப்பார்கள். அணுவைத் துளைக்க முடியாது என்று கேட்பவருக்குத் தெரிந்திருந்தால்தான் அந்த உயர்வுநவிற்சியே எடுபடும்.

நம்பிக்கை: தாம்சனின் அணு தர்பூசணி, எலக்ட்ரான்கள் அதில் பதிந்த விதைகள்.

உண்மை: 1897-இல் எலக்ட்ரானைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சன், 1904-இல் எழுதிய கட்டுரையில் அவற்றை நேர்மின் கோளத்துக்குள் வளையம் வளையமாகச் சுற்றவிட்டார். பழ உவமை அவருடையதல்ல. வடகாட்டுப் பலா என்றாலும் சரிவராது, சுளை நகராதே.

நம்பிக்கை: ரூதர்ஃபோர்டு தங்கத் தகட்டில் துகள்களை எய்தார், அணுக்கருவைக் கண்டார்.

உண்மை: எய்து பார்த்தவர்கள் வேறு இருவர். மான்செஸ்டரில் 1909-இல் ஹான்ஸ் கைகரும், இருபதே வயதான மாணவர் எர்னஸ்ட் மார்ஸ்டனும் அதைச் செய்தார்கள். ஆல்ஃபா துகள் துத்தநாக சல்ஃபைடு திரையில் பட்டால் ஊசிமுனையளவு ஒளி மினுக்கும், அவ்வளவுதான். கண் பழகுவதற்காக முதலில் இருட்டில் சும்மா உட்கார வேண்டும். பிறகு நுண்ணோக்கியில் கண்ணை வைத்து மினுக்கல்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே கண் சோர்ந்துவிடும். தங்கம் மட்டும் இல்லை. ஈயம், பிளாட்டினம், வெள்ளி, செம்பு, இரும்பு, அலுமினியம் எல்லாவற்றிலும் பார்த்தார்கள். பிளாட்டினத்தில் பட்டுத் திரும்பியது ஏறக்குறைய 8,000-க்கு ஒன்று. அந்த ஒன்றை "கண் மயக்கம்" என்று தள்ளிவிடுவது எவ்வளவு சுலபம்!

ரூதர்ஃபோர்டு செய்தது கணக்கு. புதுக்கோட்டை அருங்காட்சியகம் தொடங்கிய மறு வருடம், 1911-இல், அந்தக் கணக்கு வெளிவந்தது: பெரும் மின்சுமை ஒன்று நடுவே ஒரு புள்ளியில் குவிந்திருந்தால்தான் இப்படித் திரும்பும். அந்தச் சுமை நேரா எதிரா என்பதை அதில் அவர் திறந்தே விட்டிருந்தார். கருவுக்குள் இருக்கும் புரோட்டான் தெரியவந்தது 1919-இல், சாட்விக்கின் நியூட்ரான் 1932-இல்.

அறிவியல் கண்காட்சித் தட்டிகளில் வரைகிற, கோள்கள் போல எலக்ட்ரான் சுற்றும் படமும் தப்புத்தான். பழைய இயற்பியல்படி அப்படிச் சுற்றினால், நொடியில் ஏறக்குறைய பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் எலக்ட்ரான் கருவில் விழுந்துவிடும். 1913-இல் நீல்ஸ் போர் அதற்கு முட்டுக்கொடுத்தார். 1926-இல் ஷ்ரோடிங்கர் சமன்பாடு வந்தபின் அந்த வட்டமும் போய்விட்டது. எலக்ட்ரான் எங்கே இருக்கக்கூடும் என்ற வாய்ப்பைத்தான் இன்று மேகம் போல வரைகிறார்கள்.

பெரியவர் கோபப்படவில்லை. "அப்ப அந்தக் கரு எத்தாம் பெருசு?" என்றார். அவர் கையிலிருந்த கடலைப் பருப்பைத் தங்க அணுவின் கரு என்று வைத்துக்கொண்டால், அணுவின் ஓரம் நாலாபக்கமும் நூறு மீட்டர் தள்ளி இருக்கும் என்றேன். பேரன் பருப்பை அவர் கையிலிருந்து எடுத்துப் பாறைமேல் வைத்துவிட்டு, ரோட்டுப் பக்கமாக அடி எண்ண ஆரம்பித்தான்.