கைனேஸை மௌனமாக்கும் சிறு ஆர்.என்.ஏ.

“கெட்ட மரபணுவின் வாயை அடைக்கும் ஊசி வந்துவிட்டதாமே, இனி இந்த மாத்திரை எதற்கு?” நாட்பட்ட மயலாய்டு இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து உட்கொள்வோரும் அவர்தம் குடும்பத்தாரும் இவ்வாறு வினவுவதுண்டு. விடை காணுமுன் உயிரணுவினுள் நிகழ்வதை அறிந்துகொள்வோம்.

நோயின் வேர்

டி.என்.ஏ. மூல ஏடு போன்றது. அதில் வேண்டிய பகுதி தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது; அப்படியைக் கொண்டே புரதம் உருவாகிறது. புரதங்களுள் ஒரு வகை கைனேஸ். இது பிற புரதங்களில் பாஸ்பேட்டை இணைத்து, வளரவும் பிரியவும் கட்டளைகளைக் கடத்துகிறது.

இந்நோயில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறுகின்றன. அதனால் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்னும் ஒட்டு மரபணு தோன்றுகிறது. அது உண்டாக்கும் கைனேஸ் ஓய்வின்றி இயங்குவதால் வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகுகின்றன.

மௌனமாக்கும் முறை

சிறு குறுக்கீட்டு ஆர்.என்.ஏ. என்பது ஏறத்தாழ 21 எழுத்துகள் நீளமுள்ள இரட்டை இழை. உயிரணுவினுள் ஒரு புரதத் தொகுதி அதன் ஓர் இழையை ஏந்திக்கொண்டு, அதற்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.வைத் தேடி வெட்டுகிறது. மூல ஏடு மாறுவதில்லை. படி மட்டுமே அழிகிறது. இக்குறுக்கீட்டைப் புழுக்களில் 1998இல் விளக்கிய ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ ஆகியோர் 2006இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஒட்டு மரபணுவில் இரு துண்டுகளும் சேரும் இடத்தின் எழுத்து வரிசை நலமான அணுக்களில் இல்லை. எனவே அவ்விடத்தைக் குறிவைத்தால் நோயணுவின் படியை மட்டும் அழிக்க இயலும். ஆய்வகத்தில் வளர்த்த புற்றணுக்களில் இவ்வாறு செய்தபோது, கைனேஸின் அளவும் அணுக்களின் பெருக்கமும் குறைந்தன.

தடை எது?

குடுவையில் எளிதானது உடலில் எளிதன்று. பாதுகாப்பற்ற ஆர்.என்.ஏ.வை இரத்தத்திலுள்ள நொதிகள் விரைவில் சிதைத்துவிடும். அது அணுவின் சவ்வைத் தானாகக் கடப்பதுமில்லை. உள்ளே சென்றாலும், அணு பிரியப் பிரிய அதன் அளவு குறைகிறது. கல்லீரலைச் சென்றடைய வழி கண்டாயிற்று. அதனால்தான் பாட்டிசிரான் 2018இல் ஒப்புதல் பெற்றது, கொழுப்பைக் குறைக்கும் இன்கிளிசிரானும் வந்தது. எலும்பு மச்சையை அடைவதோ இன்னும் கடினமாகவே உள்ளது. ஆகவே இந்நோய்க்கு இம்முறை இன்னும் ஆய்வு நிலையிலேயே இருக்கிறது.

மாத்திரையின் பணி

2001இல் ஒப்புதல் பெற்ற இமாட்டினிப் வேறு வழியில் இயங்குகிறது. கைனேஸ் உருவாவதை அது தடுப்பதில்லை. உருவான கைனேஸின் ஆற்றல் வாயிலை அடைத்து நிற்கிறது. மாத்திரை நின்றால் வாயில் மீண்டும் திறக்கும்.

நினைவிற் கொள்க

• உடல் நலமாகத் தோன்றினாலும் மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது.
• நீண்ட காலம் ஆழ்ந்த கட்டுப்பாட்டில் இருக்கும் சிலருக்கு, தொடர் இரத்தப் பரிசோதனையுடன் மருத்துவரே மருந்தை நிறுத்திப் பார்ப்பதுண்டு.
• பக்கவிளைவு வருத்தினால் வேளை தவறவிடாது மருத்துவரிடம் கூறுக. மாற்று மருந்துகள் உள்ளன.
• புதிய சிகிச்சை பற்றிய செய்தி கண்டால், அது குடுவையில் கண்ட பயனா, மனிதரில் கண்ட பயனா என்று முதலில் வினவுக.