பிள்ளை ‘கென்ஷின்’ விளையாடுகிறதா? பெற்றோர் செய்ய வேண்டியவை

வாள், மந்திரம், கூடவே பறந்து வரும் பைமோன், ஏழு நாடுகள் கொண்ட டேவாட் உலகம். ஷாங்காயைச் சேர்ந்த மிஹோயோ நிறுவனம் 2020 செப்டம்பர் 28 அன்று வெளியிட்ட ‘கென்ஷின் இம்பாக்ட்’ விளையாட்டை மொபைலில் இறக்கிக்கொள்ளக் காசு வேண்டாம். பெற்றோர் பலரும் வாள்சண்டையைப் பார்த்துப் பதறுகிறார்கள். பர்ஸைப் பதம் பார்ப்பதோ ‘விஷ்’ என்கிற பட்டன்.

1. வயதைப் பாருங்கள்

ஐரோப்பாவின் பெகி அமைப்பு இதற்கு 12 வயதையும், அமெரிக்காவின் இஎஸ்ஆர்பி 13 வயதையும் வரம்பாக வைத்திருக்கின்றன. அடிபட்ட அரக்கர்கள் ரத்தம் சிந்துவதில்லை, தூசாகக் கலைந்துபோகிறார்கள். ஆனால் கதையில் போரும் சாவும் உண்டு. மதுவை விடாத வென்டி போன்ற கேரக்டர்களும் உண்டு.

2. அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள்

சண்டை எப்படிப் போடுவது என்று பிள்ளையையே சொல்லித்தரச் சொல்லுங்கள். தண்ணீரில் நனைந்த எதிரி மேல் பனியை ஏவினால் உறைந்து நிற்பான். நெருப்பும் மின்சாரமும் சேர்ந்தால் வெடிக்கும். எந்தக் கேரக்டரை எதோடு சேர்ப்பது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. புதுக் கேரக்டருக்குப் பிள்ளை ஏன் ஏங்குகிறது என்பதும் அப்போது புரியும்.

3. ‘விஷ்’ கணக்கைச் சேர்ந்து போடுங்கள்

புதுக் கேரக்டர்கள் குலுக்கலில்தான் கிடைக்கும். ஒரு விஷ்ஷுக்கு, விளையாட்டுக்குள் செல்லும் காசான பிரிமோஜெம் 160 வேண்டும். ஐந்து நட்சத்திரக் கேரக்டர் விழும் வாய்ப்பு 0.6 சதவீதம். 90 விஷ்ஷுக்குள் ஒன்று நிச்சயம், ஆனால் அது பிள்ளை கேட்ட கேரக்டராக இருக்க வேண்டும் என்பதில்லை. கேட்டதே கிடைக்க, மோசமான நிலையில் 180 விஷ் வரை போகும். அதாவது 28,800 பிரிமோஜெம். அமெரிக்க விலையில் ஏறத்தாழ 100 டாலர் பேக்கில், முதல்முறைச் சலுகை போக, சுமார் 50 விஷ்தான் தேறும். தினசரி நான்கு வேலைகளை முடித்தால் இலவசமாகக் கிடைப்பது 60 பிரிமோஜெம்.

இந்த எண்களை ஒரு தாளில் பிள்ளையே எழுதட்டும். குறிப்பிட்ட கேரக்டர்களுக்கான குலுக்கலைப் ‘பேனர்’ என்பார்கள். ஒவ்வொரு பேனரும் சுமார் மூன்று வாரத்தில் மாறிவிடும் என்பதால் ‘இப்பவே வேணும்’ என்ற அவசரம் வரும். பழைய கேரக்டர்கள் பின்னால் திரும்ப வருவதுண்டு என்பதையும் சொல்லிவையுங்கள். 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், குலுக்கலின் உண்மைச் செலவையும் வாய்ப்பையும் விளையாட்டை நடத்தும் நிறுவனம் மறைத்ததாகக் குற்றம் சாட்டியது. வழக்கை முடித்துக்கொள்ள நிறுவனம் 2 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது.

4. பணத்துக்குப் பூட்டுப் போடுங்கள்

பிளே ஸ்டோர் செட்டிங்ஸில், வாங்கும்போதெல்லாம் பாஸ்வேர்டு கேட்கும்படி வைக்கலாம். பிள்ளையின் அக்கவுன்ட்டை ஃபேமிலி லிங்கில் சேர்த்தால், பெற்றோர் சம்மதித்தால்தான் பணம் போகும். ஐபோனில் ஃபேமிலி ஷேரிங்கின் ‘ஆஸ்க் டு பை’ அதே வேலையைச் செய்யும்.

5. நேரத்தைப் பேசி வையுங்கள்

சில பரிசுகளை எடுக்கச் செலவாகும் ‘ரெசின்’ என்ற சக்தி எட்டு நிமிடத்துக்கு ஒன்றாக ஊறும். 200 நிறைய 26 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே நாள் முழுக்க ஆடினாலும் அதில் கிடைக்கும் பரிசுகள் கூடப்போவதில்லை. நாலு தினசரி வேலை, ரெசின் தீரும் வரை ஆட்டம் என்று அளவு வைக்கலாம். ஆட்டம் சர்வரில் தானாகவே சேமிக்கப்படுவதால் ‘சேவ் பண்ணிட்டு வரேன்’ செல்லாது. பாதிச் சண்டையில் போனைப் பிடுங்காமல், ‘இதோட நிறுத்து’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

6. அந்நியர் வரும் வாசலை மூடுங்கள்

ஆட்டத்தில் முன்னேற முன்னேற உயரும் ‘அட்வென்ச்சர் ரேங்க்’ 16 வந்ததும் நான்கு பேர் வரை சேர்ந்து ஆடும் ‘கோ-ஆப்’ திறந்துகொள்ளும்; சாட்டும் உண்டு. யாரும் உள்ளே வரக்கூடாது, அனுமதி கேட்டுத்தான் வர வேண்டும் என்றெல்லாம் அதில் வைக்க முடியும். இலவச பிரிமோஜெம் தருவதாகச் சொல்லி பாஸ்வேர்டு கேட்பவர் யாராக இருந்தாலும் ஏமாற்றுக்காரர்தான்.

ஆறையும் ஒரே நாளில் செய்ய முடியாவிட்டால் நான்காவதிலிருந்து தொடங்குங்கள். பிள்ளையின் போனில் உங்கள் கார்டோ யுபிஐயோ சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.