கடை வைஃபைக்குப் பூட்டுப் போடுவது எப்படி?

திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவானாலும் சரி, சிதம்பரம் தேரோடும் வீதிகளானாலும் சரி, நம்மில் பலருக்குக் கீழே கடை, மேலே குடித்தனம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே இன்டர்நெட் இணைப்பு, ஒரே வைஃபை பெட்டி. பில் போடும் கம்ப்யூட்டர், டேலி கணக்கு, ஜி.எஸ்.டி. தாக்கல், கேமரா, பிள்ளைகளின் செல்போன், மாடியில் டி.வி. ஆகிய அனைத்தும் அந்தப் பெட்டியை நம்பியே ஓடுகின்றன. இரவில் ஷட்டரை இழுத்துப் பூட்டி, பூட்டை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு மாடி ஏறுகிறோம். ஆனால் வைஃபை அலை ஷட்டருக்கு அடங்குவதில்லை. சுவரைத் தாண்டி எதிர்ச்சாரிக் கடை வரை போகிறது. அதற்கு என்ன பூட்டு, சாவி யார் யாரிடம் இருக்கிறது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

"அன்லிமிடெட் பிளான்தானே, பக்கத்துக்காரன் கொஞ்சம் எடுத்தால் நமக்கு என்ன குறைந்துவிடும்?" என்று கேட்கும் வியாபாரிகள் உண்டு. அவர்கள் 2008ஆம் ஆண்டு நடந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது. அவ்வருடம் ஜூலை 26ஆம் தேதி அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வெடிப்புக்குச் சற்று முன்பு செய்தி நிறுவனங்களுக்கு மிரட்டல் மின்னஞ்சல் ஒன்று வந்திருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று போலீசார் தேடிப் போனபோது, நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் இணைப்பில் போய் நின்றது. அவருடைய வைஃபைக்குப் பூட்டே இல்லை. யாரோ அதன் வழியே அனுப்பியிருக்கிறார்கள். ஆனாலும் முதல் விசாரணை அவரிடம்தான் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டில்லி குண்டுவெடிப்பின்போது வந்த மின்னஞ்சலோ மும்பை செம்பூரில் ஒரு வியாபார நிறுவனத்தின் வைஃபை வழியாகப் போயிருந்தது. 2009 ஜனவரியில் மும்பை போலீசார் லேப்டாப்பும் கையுமாகத் தெருத் தெருவாகப் போய்ப் பூட்டாத வைஃபைகளைத் தேடினார்கள். அடுத்த மாதமே மத்தியத் தொலைத்தொடர்புத் துறை வைஃபை பாதுகாப்பு குறித்து இணைப்பு வழங்கும் நிறுவனங்களுக்கு உத்தரவு பிறப்பித்தது.

பில் யார் பெயரில் வருகிறதோ, அவர் வீட்டுக் கதவைத்தான் போலீசார் முதலில் தட்டுவார்கள். நாம் குற்றமற்றவர் என்று பிறகு தெரிந்துவிடும் என்பது உண்மைதான். அதுவரை பில் கம்ப்யூட்டரைச் சோதனைக்கு எடுத்துப் போய்விட்டால், தீபாவளிச் சரக்கு இறங்கும் வாரத்தில் கணக்கை எதில் பார்ப்பது?

உள்ளிருந்து வரும் ஆபத்து வேறு. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை என்ற வைரஸ், ஒரு கம்ப்யூட்டரில் புகுந்தால் அதே இணைப்பில் உள்ள மற்றக் கம்ப்யூட்டர்களையும், தக்க பாதுகாப்பு இல்லாவிட்டால், தானே தேடிப் பிடித்தது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. யாரோ கொண்டுவந்த லேப்டாப்பை நம் வைஃபையில் சேர்ப்பது, முன்பின் தெரியாதவரைக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார வைப்பதற்குச் சமம்.

இனிப் பாடத்துக்கு வருவோம். ஒரு வைஃபை பெட்டிக்கு இரண்டு பாஸ்வேர்டுகள் உண்டு. இதை அறியாதவர்களே அதிகம். முதலாவது, செல்போனில் வைஃபை சேரும்போது போடுவது. இரண்டாவது, பெட்டியின் அமைப்புகளையே மாற்றும் பக்கத்துக்கு உரியது. முதலாவது கடைச் சாவி என்றால், இரண்டாவது பூட்டையே கழற்றி மாற்றும் அதிகாரம். பல பெட்டிகளில் இந்த இரண்டாவதற்குப் பெயரும் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்' என்றே தொழிற்சாலையில் போட்டு அனுப்பினார்கள். 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்களை ஒரு வைரஸ் தாக்கியது. கர்நாடகத்தில் ஏராளமான மோடம்கள் முடங்கின. அடிபட்டவை, பாஸ்வேர்டு மாற்றாமல் 'அட்மின்' என்றே விடப்பட்டிருந்தவை. உடனே மாற்றும்படி அந்நிறுவனமே சந்தாதாரர்களைக் கேட்டுக்கொண்டது. முடங்கினாலாவது பழுது என்று தெரிகிறது. முடக்காமல், நாம் அடிக்கும் வங்கி முகவரியைப் போலிப் பக்கத்துக்குத் திருப்பி விடவும் இந்த அட்மின் பக்கத்தில் வழி இருக்கிறது. திரையில் எச்சரிக்கை வரும். வியாபார அவசரத்தில் அதைத் தள்ளிவிட்டுப் போகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டிய சீட்டில் 192.168.1.1 என்பதுபோல் ஒரு முகவரி இருக்கும். நம் வைஃபையில் இருந்துகொண்டு அதை பிரவுசரில் அடித்தால் அட்மின் பக்கம் திறக்கும். பாஸ்வேர்டு தெரியாவிட்டால் இணைப்புக் கொடுத்தவரைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மாற்றச் சொல்லுங்கள். புதியதை நாமே அடிக்க வேண்டும். லைன் பார்க்க வரும் பையனிடம் "நீயே ஏதாவது போடப்பா" என்று விடக்கூடாது. வெளியிலிருந்து பெட்டியை இயக்கும் வசதி திறந்திருந்தால், அதை மூடலாமா என்று அவரிடமே கேளுங்கள். சில நிறுவனங்கள் பழுது பார்க்க அதைப் பயன்படுத்துகின்றன.

அடுத்து, பூட்டின் வகை. அதே பக்கத்தில் 'செக்யூரிட்டி' என்ற இடத்தில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 என்று இருக்க வேண்டும். முன்னது 2004லும் பின்னது 2018லும் வந்தவை. 'ஓப்பன்' என்றிருந்தால் பூட்டே இல்லை. டபிள்யூ.இ.பி. என்றிருந்தால், அது 2001லேயே உடைக்கப்பட்ட பூட்டு. அந்தப் பெட்டியை மாற்றிவிடுவதே சரி.

வகை நல்லதாக இருந்தும் பாஸ்வேர்டு சொத்தையாக இருந்தால் பயனில்லை. நம்மவர்கள் விரும்பிப் போடுவது செல்போன் நம்பர். அதைத்தான் கடை போர்டிலும், பில்லிலும், மஞ்சள் பையிலும் அச்சடித்திருக்கிறோம்! அச்சடிக்காத நம்பரானாலும் வெறும் 10 இலக்கம் போதாது. டபிள்யூ.பி.ஏ.2 பூட்டில், செல்போன் வைஃபையில் சேரும் நொடியில் நடக்கும் பரிமாற்றத்தைத் தெருவிலிருந்தே பதிவு செய்துகொண்டு, ஊருக்குப் போய் நிதானமாக ஒவ்வொரு நம்பராகப் பொருத்திப் பார்க்க முடியும். வேகமான கம்ப்யூட்டருக்கு 10 இலக்கம் சில மணி நேர வேலை. ஆகவே ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்துப் போடுங்கள். 'நண்டு ஏலம் கருப்பட்டி சைக்கிள் கோணி' என்பதுபோல. 63 எழுத்து வரை இடம் உண்டு. இதழில் அச்சாகிவிட்ட இந்த ஐந்தையே யாரும் போட்டுவிட வேண்டாம்.

பெட்டியில் டபிள்யூ.பி.எஸ். என்று ஒரு வசதியும் இருக்கும். பாஸ்வேர்டு அடிக்காமல் 8 இலக்க எண்ணால் சேர்வதற்கானது. பெட்டி அந்த எண்ணை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்ப்பதால், 11,000 முறை முயன்றாலே போதும், திறந்துவிடும் என்பது 2011 டிசம்பரில் வெளியானது. தானே புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிய அதே மாதம். நமக்கு அப்போது இதையெல்லாம் படிக்க ஏது நேரம்? இப்போதாவது அதை அணைத்து வையுங்கள்.

வாடிக்கையாளர் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. "அண்ணாச்சி, டவர் கிடைக்கல, ஜி-பே போகல, வைஃபை கொஞ்சம் குடுங்க" என்று கேட்பவரிடம் இல்லை என்று சொன்னால் வியாபாரம் போய்விடும். ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரத்தில் கூட்டம் கூடும் நாளில் இது இன்னும் அதிகம். இதற்காகவே பல பெட்டிகளில் 'கெஸ்ட்' என்ற தனி வைஃபை உண்டு. அதில் சேர்பவருக்கு இன்டர்நெட் கிடைக்கும். சரியாக அமைத்தால் பில் கம்ப்யூட்டரும் கேமராப் பெட்டியும் கண்ணில் படா. வாடிக்கையாளர், வேலையாட்கள், மாடிக்கு வரும் பிள்ளைகளின் நண்பர்கள் அனைவருக்கும் அதையே கொடுங்கள். அதற்கும் பாஸ்வேர்டு வைத்து, மாதம் ஒருமுறை மாற்றலாம். முதன்மைப் பாஸ்வேர்டை, அது தெரிந்த வேலையாள் கணக்கு முடித்துப் போன அன்றே மாற்ற வேண்டும். மாற்றினால் பிரிண்டர், கேமரா, டி.வி. எல்லாவற்றிலும் புதியதை மறுபடி அடிக்க நேரும். ஆகவே வார விடுமுறை நாளின் மதியத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி விழுந்து மோடம் போவது நம் பக்கத்தில் வழக்கம். லைன்மேன் புதுப் பெட்டி மாட்டிவிட்டுப் போவார். நெட் வந்ததும் நாமும் வியாபாரத்தில் இறங்கிவிடுவோம். அது தொழிற்சாலை பாஸ்வேர்டோடு வந்த பெட்டி. மேலே சொன்ன அத்தனையையும் அன்றே திரும்பச் செய்தாக வேண்டும். பழுது பார்க்கும்போது குண்டூசியால் ரீசெட் பட்டனை அழுத்தினாலும் இதே கதைதான்.

பழைய பெட்டி வேலை செய்கிற நிலையில் இருந்து, அதைக் காயலான் கடைக்கோ சொந்தக்காரருக்கோ கொடுப்பதானால், மின்சாரத்தில் இருக்கும்போதே அந்த ரீசெட் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து, விளக்குகள் அணைந்து எரிந்த பிறகு கொடுங்கள். நம் பாஸ்வேர்டு அதற்குள்தான் இருக்கிறது.