வேலையை விடலாமா?

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு கடலூரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வேலையை விட்டுவிட்டு சிதம்பரத்தில் எம்.காம். முழுநேரம் படிக்கலாமா, இல்லை தொலைநிலையில் சேரலாமா?
- வாசகி, கடலூர்

பதில்: உங்கள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறதென்றால் வேலையை விடாதீர்கள், அம்மா. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று யு.ஜி.சி. 2022-இல் அறிவித்துவிட்டது.

'அங்கீகாரம் பெற்ற' என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலிருந்து தொலைநிலையில் பாடம் நடத்திய பழைய நிறுவனம். அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கே 2014-15 வரைதான் அங்கீகாரம் என்று அதே 2022-இல் யு.ஜி.சி. எச்சரித்தது. பெயரைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் கலங்கிப்போனார்கள். ஆகவே எந்தப் பல்கலைக்கழகமானாலும், நீங்கள் சேரும் ஆண்டுக்கும் பாடத்துக்கும் அனுமதி உண்டா என்று யு.ஜி.சி. தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் பாருங்கள். புரோக்கர் பேச்சு வேண்டாம்.

கல்லூரி ஆசிரியர் வேலை, ஆராய்ச்சி என்று ஆசை இருந்தால் மட்டும் முழுநேரம். தினமும் பஸ்ஸில் போய்வரலாம். ஆனால் கம்பியைப் பிடித்து நின்றபடி காஸ்ட் அக்கவுண்டிங் படிக்க முடியாது, விடுதிச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

எதில் சேர்ந்தாலும், பணம் கட்டும் முன் அந்த அனுமதிப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.